அக்காக்கள் கட்டிய நகரம்

வளரும் நாடுகள் எப்படி முன்னேறின என்று யாராவது பேச ஆரம்பித்தால், சற்று நேரத்துக்குள் தென்கொரியா வந்துவிடும். போரில் தரைமட்டமான ஏழை நாடு, ஒரே தலைமுறையில் பணக்கார நாடாகிவிட்டது என்பார்கள். சியோல் நகரின் நடுவே ஓடும் ஆற்றின் பெயரால் இதை ‘ஹான் நதி அதிசயம்’ என்று அழைக்கும் வழக்கமும் உண்டு. நான் படித்த பாடநூல்களிலும் இந்த அதிசயம் இருந்தது. நிலச்சீர்திருத்தம், கல்வி, ஏற்றுமதி, திட்டமிட்ட அரசு, பெரும் தொழில் குடும்பங்கள் என்று காரணங்கள் வரிசையாக இருந்தன. அந்த வரிசையில் ஒரு பெண்ணைக்கூட நான் சந்தித்ததில்லை.

அந்தக் காரணங்களை நான் மறுக்கவில்லை. அவை எல்லாம் உண்மைதான். ஆனால் ஏற்றுமதி என்றால் எதை ஏற்றுமதி செய்தார்கள்? இன்று கொரியா என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் காரும் கப்பலும் கைபேசியும் பிறகு வந்தவை. தொடக்கத்தில் கப்பல் ஏறியவை சட்டை, ஸ்வெட்டர், நூல்துணி, காலணி, ஒட்டுப்பலகை, தலைமுடியில் செய்த சவுரி. ஆம், சவுரிதான். கிராமத்துப் பெண்கள் வெட்டி விற்ற முடியை நகரத்துத் தொழிற்சாலையில் வேறு பெண்கள் ஒவ்வொரு இழையாகக் கோத்தார்கள். 1970 வாக்கில் அது அந்த நாட்டின் முன்னணி ஏற்றுமதிப் பொருள்களில் ஒன்று.

1964-இல் கொரியாவின் ஆண்டு ஏற்றுமதி 10 கோடி டாலரைத் தொட்டது. அதைக் கொண்டாட ‘ஏற்றுமதி தினம்’ என்று ஒரு நாளையே அரசு அறிவித்தது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1977-இல், அது 1,000 கோடி டாலரானது. இதே காலத்தில் நகரமும் வீங்கியது. 1960-இல் சியோலில் சுமார் 24 லட்சம் பேர் இருந்தார்கள். 1980-இல் 80 லட்சத்துக்கும் மேல். 1960-இல் நூற்றுக்கு முப்பது பேருக்கும் குறைவாகவே நகரங்களில் வாழ்ந்த நாட்டில், 1990-இல் எழுபது பேருக்கு மேல் நகரவாசிகள். பொருளாதார நூல்கள் இதை ‘கிராமத்து உபரி உழைப்பு நகரத்துக்கு நகர்ந்தது’ என்று ஒரே வரியில் முடித்துவிடும். ரயில் ஏறி வந்த அந்த ‘உபரி’யில் கணிசமான பகுதி இளம் பெண்கள்.

அவர்கள் ஏன் வந்தார்கள்? 1950-இல் தொடங்கிய நிலச்சீர்திருத்தம் குத்தகை விவசாயிகளுக்கு நிலம் கொடுத்தது. ஆனால் அது சின்னஞ்சிறு நிலம். நகரத்துத் தொழிலாளிக்குச் சோறு மலிவாகக் கிடைத்தால்தான் கூலியைக் குறைவாக வைக்க முடியும் என்பதால், அறுபதுகளில் நெல்லின் விலையை அரசு ஏறவிடவில்லை. அமெரிக்கத் தானியமும் வந்து குவிந்தது. உழுதவன் கையில் காசு நிற்கவில்லை. தொடக்கப் பள்ளி ஆறு வருடம் எல்லோருக்கும் கிடைத்தது. அதற்கு மேல் கட்டணம் உண்டு. வீட்டில் நான்கு பிள்ளைகள், ஒருவருக்குத்தான் கட்ட முடியும் என்றால் யாருக்குக் கட்டுவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தம்பி படிக்க, அக்கா சியோலுக்குப் போனாள். அக்கா அனுப்பிய பணத்தில் தம்பி உயர்நிலைப் பள்ளியும் சில வீடுகளில் கல்லூரியும் முடித்தான். கொரியாவின் கல்விப் புரட்சியைப் பற்றிப் பெருமையாக எழுதுகிறவர்கள் இந்தக் கட்டணத்தைக் கட்டியது யார் என்று எழுதுவதில்லை.

நகரத்தில் அவர்களுக்கு மூன்று கதவுகள் திறந்திருந்தன. முதலாவது வீட்டு வேலை. பெரிய பணக்காரர் என்றில்லை, நடுத்தரக் குடும்பங்களிலும் சமையலறையை ஒட்டிய சிற்றறையில் ஒரு சிறுமி தங்கி வேலை செய்தாள். பல வீடுகளில் சாப்பாடும் தங்குமிடமும்தான் சம்பளம்.

இரண்டாவது பேருந்து. 1961 முதல் எண்பதுகளின் இறுதி வரை கொரிய நகரப் பேருந்துகளில் நடத்துநர்கள் இளம் பெண்கள். விடியலுக்கு முன் எழுந்து, நள்ளிரவு வரை, பிதுங்கி வழியும் கூட்டத்தைத் தன் உடம்பால் உள்ளே தள்ளி, கதவைத் தட்டிப் புறப்படச் சொல்ல வேண்டும். இரவு பணிமனைக்குத் திரும்பியதும் காசு ஒளித்து வைத்திருக்கிறாளா என்று அவள் உடம்பைச் சோதனை போடுவார்கள். சியோல் வேலைக்குப் போய்த் திரும்பியது இந்தப் பேருந்துகளில்தான். நகரத்தின் கால்களாக இருந்தவர்களை அந்த நகரம் தினமும் இரவில் திருடிகளாகப் பார்த்தது.

மூன்றாவது கதவு தொழிற்சாலை. சியோலின் நடுவே பியோங்வா சந்தை என்று ஒன்று உண்டு. பெயருக்குப் பொருள் அமைதிச் சந்தை. மேல் மாடிகள் முழுக்கத் தையல் கூடங்கள். இடத்தை மிச்சப்படுத்த ஒவ்வொரு தளத்தையும் பலகை அடித்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். நிமிர்ந்து நிற்க முடியாது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுமிகள் கையாளாகச் சேர்ந்து, நாளுக்குப் பதினான்கு மணி நேரம் துணித்தூசியை மூச்சில் இழுத்தபடி உழைத்தார்கள். ஏற்றுமதிக்கு நாள் நெருங்கினால் தூக்கம் வராமல் இருக்க மாத்திரை. அந்த மாத்திரையின் பெயர் ‘டைமிங்’. அதை விழுங்கியவர்களின் நினைவுக்குறிப்புகளில் அந்தப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது.

சட்டம் இல்லாமல் இது நடக்கவில்லை. 1953-லேயே கொரியாவில் தொழிலாளர் தரநிலைச் சட்டம் வந்துவிட்டது. எட்டு மணி நேர வேலை, வாரம் ஒரு நாள் ஓய்வு, பெண்களுக்கு மாதவிடாய் விடுப்பு எல்லாம் அதில் எழுதியிருந்தது. பியோங்வா சந்தையில் துணி வெட்டும் வேலை செய்த ஜியோன் தே-இல் என்ற இளைஞர் அந்தச் சட்டத்தைத் தேடிப் படித்தார். பசியோடிருந்த சிறுமிகளுக்குத் தன் பேருந்துக் காசில் ரொட்டி வாங்கிக் கொடுத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போவாராம். மனு எழுதி எழுதிப் பார்த்தும் எதுவும் அசையவில்லை. 1970 நவம்பர் 13 அன்று, சட்டத்தைக் கடைப்பிடியுங்கள் என்று முழங்கியபடி தன் உடலில் தீ வைத்துக்கொண்டார். அப்போது அவருக்கு 22 வயது.

கொரியத் தொழிலாளர் வரலாறு இந்த மரணத்திலிருந்துதான் தொடங்குவதாக எழுதப்படுகிறது. அவருக்கு அந்த இடம் உரியதே. அவர் யாருக்காகச் செத்தாரோ அந்தப் பெண்கள் அடுத்த பத்து ஆண்டுகள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் அந்த வரலாறு நெடுங்காலம் அடிக்குறிப்பில் வைத்திருந்தது. மகன் இறந்து இரண்டே வாரத்தில் அந்தச் சந்தையில் தையல் தொழிலாளர் சங்கம் உருவானது. அதைத் தாங்கி நின்றவர் அவருடைய தாய் லீ சோ-சுன். கூடை வியாபாரம் போன்ற சில்லறை வேலைகளில் காலம் தள்ளிய ஏழைப் பெண். அதன் பிறகு நாற்பது வருடம், 2011-இல் இறக்கும் வரை, அவர் போராட்டக் களத்தை விட்டு விலகவில்லை.

சந்தையின் இருட்டுக் கூடங்களை மறைத்து உலகத்துக்குக் காட்ட அரசு ஒரு புதிய இடம் கட்டியது. சியோலின் தென்மேற்கு ஓரத்தில், ஏற்றுமதிக்கென்றே 1964-இல் ஒரு சட்டம் இயற்றி எழுப்பிய குரோ தொழிற்பேட்டை. அகலமான சாலை, வரிசையாக ஆலைகள், தையலும் பின்னலும் மின்னணுப் பொருள்களும். அதைச் சுற்றி வேலைக்கு வந்த பெண்களுக்காக நில உரிமையாளர்கள் கட்டிய வாடகை அறைகளுக்குத் ‘தேன்கூடு’ என்று பெயர். இரண்டு மூன்று பேர் படுத்தால் நிறைந்துவிடும் அறைகள், ஒட்டி ஒட்டி இருபது முப்பது. எல்லோருக்கும் சேர்த்து ஒன்றிரண்டு கழிப்பறைகள். பகல் ஷிப்ட் போனவளின் படுக்கையில் இரவு ஷிப்ட் முடித்தவள் வந்து படுப்பாள். குளிர்காலத்தில் தரையைச் சூடாக்க நிலக்கரிக் கட்டி எரித்தார்கள். அதன் நச்சுப்புகையில் தூக்கத்திலேயே இறந்தவர்கள் உண்டு.

இங்கே ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். எழுபதுகளில் கொரிய ஆலைகளில் பெண்ணின் சராசரிக் கூலி ஆணின் கூலியில் பாதிகூட இல்லை. ஏன்? திறமை குறைவு என்று சொல்ல முடியாது. உலகச் சந்தையில் விற்றது அவர்கள் கைத்திறன்தான். ஆள் நிறைய, வேலை குறைவு என்பதும் முழு விடையாகாது. அதே கிராமத்திலிருந்து வந்த அண்ணனுக்கு இரு மடங்கு கொடுத்தார்களே.

விடை ஆலைக்கு வெளியே இருக்கிறது என்று நினைக்கிறேன். அவளைத் தொழிலாளி என்று யாரும் கருதவில்லை. அவள் ஒரு மகள். நாளை ஒருவனின் மனைவி. நடுவில் நான்கைந்து வருடம் ஆலையில் இருக்கிறாள், அவ்வளவுதான். குடும்பத்தைக் காப்பவன் ஆண், ஆகவே அவனுக்குக் குடும்பக் கூலி. அவளுக்குக் கைச்செலவுக் கூலி. அந்தக் கைச்செலவுக் கூலியில்தான் ஒரு குடும்பம் சாப்பிட்டது, ஒரு தம்பி படித்தான் என்பது கணக்கில் வரவில்லை. கல்யாணமானால் வேலையை விட்டுவிட வேண்டும் என்பது எழுதாத விதி. ஆகவே யாருக்கும் அனுபவத்துக்கேற்ற ஊதிய உயர்வு தர வேண்டியதில்லை. கண் கெட்டு, நுரையீரல் கெட்டுப் போகும் நேரத்தில் அவள் கல்யாணமாகிப் போய்விடுவாள், அடுத்த ரயிலில் அடுத்தவள் வருவாள். நாம் பண்பாடு என்று சொல்லும் ஒன்று அங்கே ஏற்றுமதிக் கொள்கையாக வேலை செய்தது. நகரம் வளர்ந்ததால் பெண்களுக்கு வேலை கிடைத்தது என்று பாடநூல் சொல்கிறது. பெண்களுக்குக் குறைத்துக் கொடுத்ததால் நகரம் வளர்ந்தது என்பது அதே கதையின் மறுபாதி.

மேடையில் அரசு அவர்களை ‘தொழில் போர்வீரர்கள்’ என்று புகழ்ந்தது. தெருவில் அவர்களுக்கு வேறு பெயர்: ‘கோங்சூனி’. கோங் என்றால் ஆலை. சூனி என்பது நம் ஊரில் முனியம்மா, குப்பாயி என்று இளக்காரமாகச் சொல்வார்களே, அது மாதிரி ஒரு பட்டிக்காட்டுப் பெண் பெயர். கையில் புத்தகத்தோடு நடந்தால் மாணவி என்று நினைப்பார்கள் என்பதற்காகவே புத்தகம் வைத்துக்கொண்டு நடந்தவர்கள் உண்டு.

ஆனாலும் அவர்களை வெறும் பலிகளாக எழுதிவிட்டால் அதுவும் பொய்தான். கையில் முதல்முறையாகத் தன் பணம், அப்பாவின் கண்பார்வைக்கு வெளியே ஒரு வாழ்க்கை, ஒரே அறையில் சிரித்துப் பேச நான்கு தோழிகள். இதை அந்தப் பெண்களே சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்குப் போகும் ஆசை அவர்களுக்கு விடவே இல்லை. தேவாலயங்களும் சங்கங்களும் நடத்திய இரவு வகுப்புகள் நிரம்பி வழிந்தன. 1977-இலிருந்து ஆலைத் தொழிலாளர்களுக்கான மாலைப் பள்ளிகளும் வந்தன. இன்று உலகம் அறிந்த நாவலாசிரியர் ஷின் கியுங்-சுக் குரோவில் வேலை செய்துகொண்டே அப்படிப்பட்ட பள்ளியில் படித்தவர். அந்த இரவு வகுப்புகளில் ஆங்கில எழுத்தும் சீன எழுத்தும் படித்தவர்கள், 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் சேர்த்துப் படித்தார்கள்.

இஞ்சியோன் நகரில் டாங்கில் என்ற நெசவாலை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள், சில நூறு ஆண்கள். சங்கம் மட்டும் ஆண்கள் கையில். 1972-இல் அங்கே ஜூ கில்-ஜா என்ற பெண் சங்கத் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கொரியாவில் ஒரு பெண் அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல்முறை. நிர்வாகமும் ஆண் தொழிலாளர்களில் ஒரு பகுதியும் சேர்ந்து சங்கத்தைத் திரும்பப் பிடிக்கப் பார்த்தார்கள். 1976 ஜூலையில் பெண்களின் விடுதிக் கதவை வெளியிலிருந்து அடைத்துவிட்டு ஆண்கள் தனியே கூட்டம் போட்டார்கள். பெண்கள் வெளியே வந்து உட்கார்ந்தார்கள். கலைக்கப் போலீஸ் வந்தபோது, ஆடை இல்லாத பெண்ணின் மேல் கை வைக்க மாட்டார்கள் என்று நம்பித் தங்கள் சீருடையைக் கழற்றிவிட்டு ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கை வைத்தார்கள். எழுபதுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 1978 பிப்ரவரியில் சங்கத் தேர்தலன்று, வாக்களிக்க வந்த பெண்களின் முகத்திலும் உடம்பிலும் ஆண்கள் சிலர் மலத்தை வீசினார்கள். அதன் பிறகு 124 பேர் வேலை நீக்கம். அவர்கள் பெயர்ப்பட்டியல் மற்ற ஆலைகளுக்கும் அனுப்பப்பட்டது, எங்கும் வேலை கிடைக்காதபடி.

கூலிக்காக மட்டும் நடந்த சண்டையில் இத்தனை அருவருப்பு வராது. நான் மகள் இல்லை, தொழிலாளி என்று அந்தப் பெண்கள் சொன்னதற்கான தண்டனை அது.

அடுத்த ஆண்டு, சவுரி. 1966-இல் தொடங்கிய ஒய்.எச். நிறுவனம் உச்சத்தில் நான்காயிரம் பேர் வரை வேலை செய்த இடம். சவுரிச் சந்தை சரிந்தது. முதலாளி ஏற்கெனவே அமெரிக்காவில் குடியேறியிருந்தார். 1979-இல் ஆலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். மிச்சமிருந்த பெண்களில் நூற்று எண்பதுக்கும் மேற்பட்டோர் ஆகஸ்ட் 9 அன்று சியோலில் எதிர்க்கட்சியின் தலைமையகத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். எங்கள் வேலையைக் காப்பாற்றுங்கள் என்பதுதான் கோரிக்கை. ஆகஸ்ட் 11 அதிகாலை இரண்டு மணிக்கு ஏறக்குறைய ஆயிரம் போலீசார் கட்டடத்துக்குள் புகுந்தனர். கிம் கியுங்-சுக் என்ற 21 வயதுப் பெண் இறந்துகிடந்தார். தற்கொலை என்றது அரசு. அப்படி அல்ல என்று ஓர் அரசு ஆணையமே சொல்வதற்கு 2008 வரை ஆனது.

எதிர்க்கட்சித் தலைவர் கிம் யங்-சாம் அந்தப் பெண்களுக்கு இடம் கொடுத்தவர், அரசை வெளிப்படையாகச் சாடியவர். அக்டோபர் தொடக்கத்தில் நாடாளுமன்றத்திலிருந்து அவரை நீக்கினார்கள். அவருடைய பகுதியான பூசானிலும் அருகிலிருந்த மாசானிலும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அதை எப்படி அடக்குவது என்று ஆட்சிக்குள்ளேயே பிளவு. அக்டோபர் 26 அன்று, பதினெட்டு ஆண்டுகள் நாட்டை ஆண்ட சர்வாதிகாரி பார்க் சுங்-ஹீ தன் உளவுத்துறைத் தலைவராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே காரணத்தால் எந்த ஆட்சியும் விழுவதில்லை. ஆனால் சவுரி கோத்த பெண்கள் அந்தப் படியேறி உட்கார்ந்த நாளுக்கும் அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கும் நடுவே மூன்று மாதம்கூட இல்லை. 

பிறகு நாடு கப்பலுக்கும் எஃகுக்கும் காருக்கும் மாறியது. அந்த ஆலைகளில் ஆண்கள், நல்ல கூலி, 1987-இல் மாபெரும் வேலைநிறுத்தங்கள். தொழிலாளி என்றால் ஆண் என்ற படம் மீண்டும் வந்து உட்கார்ந்துகொண்டது. 1985-இல் பல ஆலைகளின் பெண்கள் ஒருவருக்காக ஒருவர் வேலையை நிறுத்திய குரோ கூட்டு வேலைநிறுத்தம் அதன் பின்னால் மங்கியது. 2000-இல் குரோ தொழிற்பேட்டைக்கு ‘டிஜிட்டல்’ என்று பெயர் சேர்த்தார்கள். ரயில் நிலையங்களின் பெயரும் மாறின. தேன்கூடு அறைகளில் சிலவற்றை மீட்டெடுத்து 2013-இல் ஒரு சிறு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பழைய கைச்செலவுக் கூலியின் நிழல் இன்னும் போகவில்லை: பணக்கார நாடுகளின் கூட்டமைப்பில் ஆண் பெண் ஊதிய இடைவெளி மிக அதிகமாக இருக்கும் நாடு இன்றும் தென்கொரியாதான். வளர்ச்சி வந்தால் சமத்துவம் தானாக வரும் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் நான் ஏன் தமிழில் எழுதுகிறேன் என்று கேட்கலாம். எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம். தொண்ணூறுகளின் இறுதியிலிருந்து விடியலில் மில் வேன் வந்து நிற்கும். பத்தாவது முடித்த பெண்கள் ஏறிப் போவார்கள். மூன்று வருடம் விடுதியிலேயே தங்கி வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. அந்தத் திட்டத்துக்கு வைத்த பெயர் சுமங்கலி. தொழிலாளியைத் தொழிலாளி என்று சொல்லாமல் மணப்பெண் என்று சொல்லி வேலைக்கு எடுத்தார்கள். கொரியாவில் எழுதாத விதியாக இருந்ததை நாம் விளம்பரத் துண்டறிக்கையிலேயே அச்சடித்தோம். நடுவில் உடம்புக்கு முடியாமல் திரும்பி வந்தவர்களுக்கு அந்தத் தொகை இல்லை.

2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 48 சதவீதத்துக்கு மேல் நகர்ப்புறம். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் நம் மாநிலத்தில். இதைப் பெருமையாகச் சொல்கிறோம், பெருமைதான். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் தோழிகள் மயங்கி விழுந்தபோது, கைபேசி ஆலையில் வேலை செய்யும் பெண்கள் சென்னை பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவு முழுக்க உட்கார்ந்தார்கள். கேட்டது மரியாதையான சாப்பாடும் தங்குமிடமும். 2024-இல் அதே வட்டாரத்தில் வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பைத் திறந்தார்கள். தேன்கூட்டை விட எவ்வளவோ மேல். அந்தச் சாலையில் உட்கார்ந்திருக்காவிட்டால் அது இத்தனை சீக்கிரம் வந்திருக்குமா என்று யோசிக்கிறேன்.

படுக்கை வந்துவிட்டது. அதில் படுத்திருப்பவள் முப்பது வயதில் எங்கே இருப்பாள்? கல்யாணமான பிறகும் அந்த ஆலை அவளை வைத்துக்கொள்ளுமா? அனுபவத்துக்கு ஊதியம் கூடுமா? அவள் சங்கத்தில் தலைவியாக நிற்க முடியுமா? அவள் அனுப்பும் பணத்தில் அவள் பெயரில் என்ன சேர்கிறது? வளர்ச்சி விகிதத்தைப் பற்றி அடுத்தமுறை வகுப்பில் பேச்சு வரும்போது, மாணவிகளே, இந்தக் கேள்விகளையும் எழுந்து கேளுங்கள். உங்களில் பலருடைய அக்கா இப்போது அந்த ஷிப்டில் இருக்கிறாள்.